அக்சியாவா, மைவியா?



சம்பள நாள் முடிந்த மறுநாள், தோட்டத்து மளிகைக் கடை வாசலிலும் கோயில் திடலிலும் நாலு பேர் கூடினால், இப்போது அடிக்கடி எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "மகன் வேலைக்குப் போய்விட்டான், ஒரு கார் எடுக்கலாம் என்று இருக்கிறோம். அக்சியா எடுப்பதா, மைவி எடுப்பதா?" என்பதே அந்தக் கேள்வி. கேட்கிறவர் ஒருவர்; பதில் சொல்கிறவர்கள் பத்துப் பேர். மைவி வைத்திருப்பவர் மைவிதான் கார் என்பார். அக்சியா வைத்திருப்பவர் பெட்ரோல் மிச்சம் என்பார். இரண்டும் இல்லாதவர் இன்னும் சத்தமாகப் பேசுவார்.

இந்தப் பேச்சில் அந்த இரண்டு கார்களையும் அருகருகே நிறுத்தி, நம்முடைய குடும்பத்தின் வரவு செலவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாகப் பார்ப்போம். வீடு வாங்குவதற்கு அடுத்தபடியாக நம்மில் பலர் வாழ்நாளில் படுகின்ற பெரிய கடன் கார்க் கடன்தான். வீட்டுக்காவது பத்துத் தடவை யோசிக்கிறோம். காரை மட்டும் நிறத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1993-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெரோடுவா, ஜப்பானின் டைஹாட்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் சிலாங்கூரில் ரவாங் அருகே சுங்கை சோவில் கார்களைத் தயாரித்து வருகிறது. 1994-இல் அது வெளியிட்ட முதல் கார் கான்சில். தோட்டத்துப் பாதையில் லாரியிலும் சைக்கிளிலும் போய்ப் பழகிய பல குடும்பங்கள் முதன்முதலாகச் சொந்தமென்று ஏறி அமர்ந்த கார் அதுதான். கான்சிலுக்குப் பின் கெலிசா, விவா என்று சிறிய கார்கள் வந்தன. மைவி 2005-இல் வந்தது. 2011-இலும் 2017-இலும் முற்றிலும் புதிய உருவம் பெற்றது; 2021 நவம்பரில் மேலும் திருத்தப்பட்டது. அக்சியா 2014-இல் விவாவின் இடத்துக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் புதிய உருவம் எடுத்தது. நாம் ஒப்பிடப் போவது இந்த 2021 மைவியையும் 2023 அக்சியாவையும்தான்.

ஒரே நிறுவனத்தின் கார்கள் என்பதால், பேச்சில் வழக்கமாக இடம்பெறும் சில கேள்விகள் தாமாகவே நீங்கிவிடுகின்றன. பட்டறை எங்கே இருக்கிறது, உதிரிப் பாகம் கிடைக்குமா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றிலெல்லாம் இவை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஊரிலுள்ள சின்னப் பட்டறைக்காரர்களுக்கு மைவியின் உள்ளும் புறமும் மனப்பாடம். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற கார் அல்லவா! அக்சியாவும் அவர்களுக்குப் புதிதல்ல.

முதலில் உருவத்தைப் பார்ப்போம். அக்சியாவின் நீளம் 3,760 மில்லிமீட்டர்; மைவியின் நீளம் 3,895. வேறுபாடு ஒரு சாண் கூட இல்லை. பின்னால் சாமான் வைக்கும் இடம் அக்சியாவில் 265 லிட்டர், மைவியில் 277 லிட்டர். இதுவும் ஒரு சின்ன அரிசிப் பை அளவுக்கு வேறுபாடு, அவ்வளவுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சிறிய காரான அக்சியாவில் அது 2,525 மில்லிமீட்டர். பெரிய காரான மைவியில் 2,500. ஆகவே பின்னால் உட்காருகிறவர் கால் நீட்டும் விஷயத்தில் அக்சியா குறைந்துவிடவில்லை.

குறைவது அகலத்தில்தான். அக்சியா 1,665 மில்லிமீட்டர்; மைவி 1,735. எழுபது மில்லிமீட்டர் என்பது நம் கையில் நாலு விரல் அகலம். கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு இந்த நாலு விரல் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பின் இருக்கையில் பாட்டி, அத்தை, வளர்ந்த பெண் என மூவர் தோளோடு தோள் உரச அமர்ந்து, ஈப்போவிலிருந்து பத்துமலைக்குத் தைப்பூசத்துக்குப் புறப்பட்டால், அந்த நாலு விரலின் அருமை தஞ்சோங் மாலிமைத் தாண்டும்போது தெரியும். எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதைக் கணக்கிடும்போது, வீட்டில் எத்தனை பேர் என்று பார்ப்பதைவிட, மாதத்தில் எத்தனை நாள் பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் அமர்வார்கள் என்று பார்ப்பதே சரி. ஆண்டுக்கு இரண்டு நாள் என்றால், அந்த இரண்டு நாளைக்காக 363 நாளும் பெரிய கார் ஓட்டத் தேவையில்லை.

அடுத்தது இயந்திரம். உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

அக்சியாவில் இருப்பது 998 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இயந்திரம். அதன் திறன் 67 குதிரைச் சக்தி. மைவியில் நான்கு சிலிண்டர்; 1.3 லிட்டர் இயந்திரத்துக்கு 94 குதிரைச் சக்தி, 1.5 லிட்டர் இயந்திரத்துக்கு 102 குதிரைச் சக்தி. சிலிண்டர் என்பது பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்ற குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கும்போது இரண்டிரண்டு பேராகச் சமன் செய்துகொள்ளலாம். மூன்று பேர் தூக்கினால் ஒரு பக்கம் சற்று ஆடும். அக்சியா விளக்குச் சந்தியில் நிற்கும்போது இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் ஒரு நடுக்கம் தெரிகிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அது கோளாறு அல்ல, மூன்று சிலிண்டரின் இயல்பு. மைவியில் அந்த நடுக்கம் குறைவு.

சமதரையில், ஒருவர் அல்லது இருவர் மட்டும் போகும்போது 67 குதிரைச் சக்தி தாராளம். அக்சியா எடை குறைந்த கார். ஆகவே ஊருக்குள் துள்ளிக்கொண்டுதான் போகும். கோல சிலாங்கூர், தெலுக் இந்தான், பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு மலை ஏது, மேடு ஏது? அங்கே அக்சியாவின் இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் குடும்பங்களின் நிலை வேறு. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் ஐந்து பேரும், பின்னால் மூட்டையும், குளிர்சாதனமும் சேர்ந்தால், சிறிய இயந்திரம் ஓங்கிச் சத்தம் போடும். வேகம் மட்டும் கூடாது. ஐந்து பெரியவர்கள் என்றாலே 300 கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது. கார் ஏறாது என்று நாம் சொல்லவில்லை, ஏறும். ஆனால் முன்னால் காய்கறி லாரி ஊர்ந்து போகும்போது அதை முந்துவதற்கு வேண்டிய கையிருப்புச் சக்தி அதனிடம் குறைவு. முந்தத் தொடங்கிவிட்டுப் பாதியில் சக்தி போதவில்லை என்று தெரிந்துகொள்ளும் இடம் மலைப் பாதையாக இருக்கக் கூடாது. கேமரன் மலையிலோ, கெந்திங் அடிவாரத்திலோ, பெந்தோங், ரவூப் பக்கமோ தினமும் ஓட்டுகிறவர்களுக்கு மைவி 1.3 தான் பொருத்தம் என்பது நம்முடைய கருத்து. 1.5 லிட்டர் அவசியமா என்று கேட்டால், வாரந்தோறும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு உதவும், மற்றவருக்கு 1.3 போதும்.

கியர் விஷயத்தில் இப்போது இரண்டும் ஒன்றே. முன்பு மைவியில் இருந்த நான்கு வேகத் தானியங்கிக் கியர் 2021-இல் மாற்றப்பட்டு, 'டி-சிவிடி' என்னும் அமைப்பு வந்தது. புதிய அக்சியாவிலும் அதுவே. தையல் இயந்திரத்தில் சக்கரத்தையும் மோட்டாரையும் ஒரு வார் இணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் இரண்டு சக்கரங்களை ஒரு வார் இணைக்கிறது. சக்கரங்கள் விரிந்தும் சுருங்கியும் வேகத்தை மாற்றுகின்றன. ரப்பர் வார் என்று பயப்பட வேண்டாம், எஃகுப் பட்டை. வேகம் கூடும்போது பல்சக்கரங்களும் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். இந்த அமைப்புக்கு அதற்கென்றே உள்ள எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும்; கண்ட எண்ணெயையும் ஊற்றினால் பெருஞ்செலவு வைத்துவிடும்.

கையால் கியர் மாற்றும் கார்தான் வேண்டும் என்பவர்களுக்காக, பழைய உருவத்திலேயே 'அக்சியா இ' என்ற எளிய வகை 2023-இல் 22,000 வெள்ளிக்கு வெளியிடப்பட்டது. வசதிகள் மிகக் குறைவு. விலையைக் கேட்டதும் பலருக்கு ஆசை வரும். ஆனால் வீட்டில் யார் யாரிடம் எந்த உரிமம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இன்றைய பிள்ளைகள் பலர் 'டிஏ' உரிமம் எடுக்கிறார்கள்; அது தானியங்கிக் காருக்கு மட்டுமே செல்லும். அப்பா மட்டும் ஓட்டக்கூடிய காரை வாங்கி வைத்தால், நடு இரவில் அப்பாவுக்கே உடம்புக்கு முடியாமல் போகும்போது மருத்துவமனைக்கு யார் ஓட்டுவது?

இனி விலைக்கு வருவோம். புதிய அக்சியா 2023 பிப்ரவரியில் வந்தபோது அதன் விலை, காப்புறுதி நீங்கலாக, 38,600 வெள்ளியில் தொடங்கி 49,500 வரை இருந்தது. திருத்திய மைவி 2021 நவம்பரில் வந்தபோது 45,700-இல் தொடங்கி 58,800 வரை. அப்போது விற்பனை வரி விலக்கு நடப்பில் இருந்தது. நீங்கள் கடைக்குப் போகும் நாளில் இருக்கும் விலையை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு விலை வரிசைகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்பதைத்தான். உச்சத் தர அக்சியாவின் விலை, அடித் தர மைவியின் விலையைவிட அதிகம்.

ஆகவே "அக்சியா மலிவு, மைவி விலை அதிகம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. முகவரிடம் போகிறோம். அடித் தர அக்சியாவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறோம். "அண்ணே, இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிய திரை, அழகான சக்கரம் எல்லாம் வரும். மாதம் ஐம்பது வெள்ளிதானே கூட?" என்கிறார். அடுத்த தரத்துக்கு இன்னொரு ஐம்பது. இப்படிப் படிப்படியாக ஏறி உச்சிக்கு வந்த பிறகு பார்த்தால், நாம் மைவியின் விலையில் அக்சியாவை வாங்கிக்கொண்டிருப்போம். இது முகவரின் குற்றமல்ல, விற்பது அவர் தொழில். எந்தத் தரம், எவ்வளவு வரை என்பதை வீட்டிலேயே பேசித் தாளில் எழுதிக்கொண்டு போவது நம் பொறுப்பு.

அதே நேரத்தில், உயர்ந்த தரத்தில் வருவதெல்லாம் அலங்காரம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. காற்றுப் பைகளின் எண்ணிக்கை தரத்துக்குத் தரம் மாறுகிறது. முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றால் எச்சரித்துத் தானே பிரேக் பிடிக்க உதவும் கருவியும் எல்லாத் தரத்திலும் வருவதில்லை. விடிவதற்கு முன் பனியில் ஓட்டுகிறவர்கள், இரவு நேர வேலை முடிந்து கண் அசரத் திரும்புகிறவர்கள் இதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல. திரையும் பளபளப்பான சக்கரமும் வேறு. பெரிய சக்கரம் என்றால் டயரும் விலை கூடியது. பக்கச் சுவர் தாழ்ந்த டயர் செம்மண் பாதையின் பள்ளத்தில் அடி வாங்கினால் ரிம் நெளியும். காரின் அடியைச் சுற்றிக் கூடுதலாகப் பொருத்தும் ஸ்கர்ட்டும் அப்படித்தான். தோட்டத்துப் பாதையில் குலை லாரி உழுதுவிட்டுப் போன தடத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.

இப்போது மாதக் கணக்கு. ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கொள்முதல் சட்டப்படி, காரின் ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முன்பணமாகக் கட்ட வேண்டும். மீதியை வங்கி கொடுக்கிறது. தவணை ஒன்பது ஆண்டு வரை போகலாம். அடித் தர அக்சியாவுக்கு மாதம் 410 வெள்ளி, அடித் தர மைவிக்கு மாதம் 485 வெள்ளி என்று ஒரு தாள் நம் கைக்கு வருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 75 வெள்ளி. கேட்பதற்குச் சிறிய தொகை. ஒன்பது ஆண்டு என்பது 108 மாதம். 410-ஐ 108-ஆல் பெருக்கினால் 44,280. 485-ஐப் பெருக்கினால் 52,380. அந்தச் சிறிய 75 வெள்ளி 8,100 வெள்ளியாக வளர்ந்து நிற்கிறது. முகவர் மாதத் தொகையைச் சொன்னால், நாம் உடனே கேட்க வேண்டியது, "கடைசி மாதம் வரை மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்பதே. அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அக்சியா பெட்ரோல் குடிக்காது, மைவி குடிக்கும் என்ற பேச்சு எங்கும் உண்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறோம் என்றும், அக்சியா லிட்டருக்கு 18 கிலோமீட்டர், மைவி 15 கிலோமீட்டர் தருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அக்சியாவுக்கு ஏறக்குறைய 56 லிட்டர். மைவிக்கு 67 லிட்டர். வேறுபாடு 11 லிட்டர். லிட்டர் இரண்டு வெள்ளி என்றால் மாதம் 22 வெள்ளி. பேச்சில் பெரிதாக அடிபடும் பெட்ரோல் 22 வெள்ளிதான்; யாரும் பேசாத தவணையில் 75 வெள்ளி இருக்கிறது. மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓடுகிறோம் என்றால் பெட்ரோல் வேறுபாடு ஒன்பது வெள்ளிக்கு வந்துவிடும்.

சாலை வரி, தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. மைவி 1.3-க்கு 70 வெள்ளி, 1.5-க்கு 90 வெள்ளி. இதற்காகக் காரை மாற்ற வேண்டியதில்லை. காப்புறுதிதான் பெரிய செலவு. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆகையால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். விபத்து இழப்பீடு கோராமல் ஓட்டினால் முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு கழிவு, பிறகு ஆண்டுதோறும் உயர்ந்து ஐந்து ஆண்டில் 55 விழுக்காடு வரை கிடைக்கும். 'பி' உரிமத்தில் இருக்கும் பிள்ளை ஓட்டி இடித்துவிட்டால், இழப்பீட்டில் முதல் 400 வெள்ளி நம் தலையில் விழும். பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலும் அப்படியே. வீட்டில் யார் ஓட்டுவார்களோ அவர்கள் பெயரையெல்லாம் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும் செலவு, டயர், பேட்டரி ஆகியவற்றையும் சேர்த்து, காப்புறுதிக்கென்று மாதாமாதம் ஒதுக்கி வைப்பதையும் கூட்டி, அக்சியாவுக்கு 150 வெள்ளி, மைவிக்கு 170 வெள்ளி என்று வைப்போம். நின்றால் தானே அணைந்து, கிளம்பினால் தானே உயிர்பெறும் வசதி உள்ள தரமானால் பேட்டரியும் விலை கூடியது. எல்லாம் சேர்த்து அக்சியா மாதம் சுமார் 670 வெள்ளி கேட்கிறது; மைவி 790 கேட்கிறது.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய், சொக்சோவும் போனால், கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. ஒருவர் சம்பளத்தை மட்டும் நம்பி மைவி எடுத்தால், பாதிக்கு மேல் காரே விழுங்கிவிடுகிறது. அக்சியாவும் பாதியை நெருங்குகிறது. இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் தாங்கும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், உண்மையைச் சொன்னால், புதிய அக்சியாவே பெரிய சுமைதான். மழை மாதங்களில் வேலை நாள் குறைந்து சம்பளம் இறங்கும், தவணை இறங்காது. பள்ளிச் செலவும் வந்து நிற்கும். நல்ல மாதத்தின் சம்பளத்தை விட்டுவிட்டு, சென்ற ஆண்டின் மிக மோசமான மாதச் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள்.

முன்பணத்துக்காகச் சேமநிதியின் மூன்றாவது கணக்கில் கை வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2024 மே மாதத்தில் வந்த அந்தக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அது அவசரத்துக்கென்று இருக்கும் ஒரே உண்டியல். அதை உடைத்துக் காருக்குக் கொடுத்துவிட்டால், கார் பட்டறைக்குப் போகும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

தவணை தவறினால் என்ன ஆகும்? தொடர்ந்து இரண்டு மாதத் தவணை கட்டாவிட்டால், காரை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அதற்கு முன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் அவகாசம் தர வேண்டும். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது. வங்கியின் கடிதம் வந்தால் பயந்து அலமாரியில் சொருகி வைப்பது நம்மிடம் உள்ள பழக்கம். அந்த 21 நாளும் பேசுவதற்கான நாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்கே போய்ப் பேசுங்கள். எடுத்துக்கொண்டுபோன காரை ஏலத்தில் விற்று வரும் பணம் கடனுக்குப் போதாவிட்டால், மிச்சத்தையும் நாமே கட்ட வேண்டும். கார் போய்விடும், கடன் இருக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானையும் அது விடாது.

இந்த இடத்தில்தான் 'சம்போங் பாயார்' என்ற பேச்சு வருகிறது. தவணை கட்ட முடியாத ஒருவர் காரை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார். மீதித் தவணையை வாங்கியவர் கட்டிக்கொள்வார். பெயர் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும். வங்கியின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கைமாற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. கொடுத்தவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. வாங்கியவர் தவணையை நிறுத்தினால் கொடுத்தவர் பெயர் கெடும். அபராதச் சீட்டெல்லாம் அவர் வீட்டுக்கே வரும். கொடுத்தவர் மனம் மாறிக் காரைத் திரும்பக் கேட்டால், வாங்கியவரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. "நம்ம அண்ணன்தானே, நம்ம தோட்டத்து ஆள்தானே" என்ற நம்பிக்கையில் தொடங்கி, இரண்டு குடும்பங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் போய் முடிந்த கதைகள் ஏராளம்.

புதிய காரின் தவணை தாங்காது என்று கண்டவர்கள் பழைய கார் பார்க்கலாம். முதல் தலைமுறை அக்சியாவும், 2017-க்கு முந்திய மைவியும் சந்தையில் நிறைய உண்டு. நல்ல பழைய மைவி, மோசமான பழைய அக்சியாவைவிட மேல். இதுவே தலைகீழாகவும் உண்மை. ஆகவே பெயரைப் பார்க்காமல் அந்த ஒரு வண்டியைப் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய கார் கழுவித் துடைத்துப் புதுப்பொலிவோடு வந்து நிற்கலாம். பாதுகாப்பு வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கறை இருந்தால் அது குளித்த கார். கால் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். உபரி டயர் இருக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு 'பி5' சோதனை கட்டாயம். வாடகைக் கொள்முதலுக்கு 'பி7'. சோதனையில் தேறிய தாளைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போனால், அவருக்குக் கொடுக்கும் ஐம்பது வெள்ளி வீண் போகாது.

புதிதானாலும் பழையதானாலும், கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தோடு போய் ஓட்டிப் பாருங்கள். அப்பாவும் மகனும் மட்டும் போய் வந்தால் போதாது. பாட்டியைப் பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு எந்தக் கார் எளிது என்பதை அவரே சொல்வார். வீட்டில் சக்கர நாற்காலி இருந்தால் அதையும் கொண்டுபோய்ப் பின்னால் வைத்துப் பாருங்கள். இரண்டு காரையும் ஒரே நாளில், ஒரே ஆட்களோடு, குளிர்சாதனத்தை முழுதாக வைத்து, ஒரே மேட்டில் ஏற்றுங்கள். காலையில் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று ஓட்டினால் ஒப்பிட முடியாது. அக்சியா அந்த மேட்டை முனகாமல் ஏறி, பாட்டியும் முகம் சுளிக்காமல் இறங்கினால், மாதம் 120 வெள்ளி கூடக் கொடுத்து மைவி எடுப்பதற்கு நமக்குக் காரணம் தெரியவில்லை. வாரம் தவறாமல் ஐந்து பேர் ஏறும் வீடு, மலைப் பாதையில் வாழும் வீடு, இரண்டு சம்பளம் வரும் வீடு என்றால், உச்சத் தர அக்சியாவில் நிற்காமல் அடித் தர மைவிக்குப் போய்விடுங்கள்.

எதை எடுத்தாலும் ஒன்று மட்டும் செய்யுங்கள். செம்பனைத் தோட்டத்துப் பாதையின் செம்புழுதி காற்று வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். நகரத்துக் காருக்குச் சொன்ன கணக்கு நமக்குப் பொருந்தாது. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, வடிகட்டியை வெளியே எடுத்துத் தட்டிப் பாருங்கள். புழுதி கொட்டினால் பட்டறைக்காரரிடம் சொல்லி முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். இரண்டு காரிலும் அது கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது.